ஊர் திரும்புவோரும் எம்பிலிப்பிட்டியவின் பாடமும்

சில வாரங்களுக்கு முன்னர், புலம்பெயர்ந்து வாழும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றி, சிரியாவுக்குச் சென்று தீவிரவாத இயக்கத்தில் சேர்ந்தவர்களைச் சொந்த நாடு திரும்ப அனுமதிக்கலாமா என்பதில் வந்து நின்றது. "போனவன் போனவன்தான். அவனுக்கு ஏன் கதவைத் திறந்துவிட வேண்டும்?" என்றார். அவருக்கு அந்தக் கணத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொலைபேசியை வைத்த பின்னர் என் நினைவுக்கு வந்த ஊர் சிரியாவில் இல்லை. சப்ரகமுவ மாகாணத்தின் தென்கோடியில், வளவை கங்கைக்கு அருகே, சட்டித் தயிருக்குப் பெயர்போன எம்பிலிப்பிட்டியதான் அது.

இதென்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கக்கூடும். தொடர்பு உண்டு. ஓர் அரசு தன் பிள்ளைகளில் ஒருவனைத் தீவிரவாதி என்று கருதினால் அவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு, இந்த நாட்டில் கிடைத்த மிக மோசமான விடை எம்பிலிப்பிட்டியவில்தான் எழுதப்பட்டது.

நான் பிறந்தது இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில். 1989இல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தேன். நாட்டின் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் மூடிக் கிடந்த காலம் அது. மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சி உச்சத்தில் இருந்தது. இந்தியப் பொருள்களை விற்கக் கூடாது, இன்ன நாளில் கடை திறக்கக் கூடாது, இன்ன நாளில் வேலைக்குப் போகக் கூடாது என்று துண்டுப் பிரசுரங்கள் வரும். மீறினால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துத் தமிழருக்கு இரட்டைப் பயம். அம்முன்னணியின் ஆரம்பகால ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. அதில் எங்கள் மக்கள் இந்தியாவின் கருவியாகவே சித்திரிக்கப்பட்டனர். மறுபக்கம் இராணுவம். சந்தியில் எரிந்து கிடந்த உடல்களைக் கடந்தே எங்கள் பெண்கள் கொழுந்து பறிக்கச் சென்றனர்.

1989இன் பிற்பகுதியிலிருந்து 1990இன் தொடக்கம் வரை, எம்பிலிப்பிட்டியவிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் பதின்ம வயது மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடத்திச் செல்லப்பட்டனர். 'செவன' என்னும் இராணுவ முகாமில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டதாகப் பின்னர் சாட்சியங்கள் கூறின. பெற்றோர் முகாம் வாசலில் நின்றனர், பொலிஸ் நிலையங்களுக்குச் சென்றனர், அரசியல்வாதிகளின் வீடுகளுக்கு அலைந்தனர். பிள்ளைகள் திரும்பவில்லை.

இந்தச் சம்பவத்தை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துவது அதன் பின்னணி. பாடசாலை அதிபரின் மகனுக்கும் சில மாணவர்களுக்கும் இடையே காதல் கடிதம் ஒன்றின் காரணமாக மூண்ட பகையும் இதில் கலந்திருந்தது என்று வழக்கில் கூறப்பட்டது. நாடெங்கும் கிளர்ச்சியாளர் வேட்டை நடந்துகொண்டிருந்த வேளையில், ஒருவனைத் தொலைத்துவிட அவன் பெயரை இராணுவத்திடம் சொன்னாலே போதும் என்ற நிலை இருந்தது. விசாரணையும் ஆதாரமும் தேவைப்படாத இடத்தில் சொந்தப் பகை அரசாங்கத்தின் சீருடையை அணிந்துகொண்டது.

1994 ஜனவரியில் சூரியகந்தையில் மனிதப் புதைகுழி கண்டுபிடிக்கப்பட்டது. இறக்குவானையிலிருந்து தெனியாய செல்லும் பாதையிலுள்ள மலைப்பகுதி அது. எம்பிலிப்பிட்டிய மாணவர்களின் பெயர்கள் மீண்டும் நாட்டின் பேச்சாயின. அவ்வாண்டு நடந்த தேர்தல்களில் காணாமற்போனோர் விவகாரம் பெரும் பங்கு வகித்தது. புதிய அரசாங்கம் மேல், தென், சப்ரகமுவ மாகாணங்களுக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. 25 மாணவர்கள் தொடர்பில் இரத்தினபுரி மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டு, 1999 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பாடசாலை அதிபருக்கும் இராணுவத்தினர் சிலருக்கும் பத்தாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. முகாமுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி விடுவிக்கப்பட்டார். பல்லாயிரம் பேர் காணாமற்போன ஒரு காலத்தைக் குறித்து, குற்றவாளிகள் தண்டனை பெற்ற வழக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் இது ஒன்று.

அந்தத் தீர்ப்புச் செய்தியைத் தமிழில் எழுதியவன் நான். அப்போது ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தேன். எழுதிக் கொடுத்த செய்தி உட்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாகச் சுருங்கியது. "இது அவர்களுடைய விஷயம்" என்றார் மேசைக்குப் பொறுப்பானவர். வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் காணாமற்போவதை எழுதவே பக்கம் போதவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அன்று எனக்கும் பட்டது. அந்த ஒற்றைப் பத்தி இன்றும் என்னை உறுத்துகிறது.

இனி, இதே கதையின் மறுபக்கத்தைப் பார்ப்போம்.

மக்கள் விடுதலை முன்னணியின் நிறுவனர் ரோஹண விஜேவீர சோவியத் ஒன்றியத்தின் லுமும்பா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சென்றவர். 1964இல் விடுமுறையில் இலங்கை வந்தவருக்குச் சீனச் சார்பாளர் என்ற காரணத்தால் மீண்டும் மாஸ்கோ செல்ல விசா மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே புதிய இயக்கம் உருவாயிற்று. 1971 ஏப்ரல் 5இல் அது ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தபோது கேகாலை மாவட்டம் அதன் முக்கிய களங்களில் ஒன்றாயிற்று. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்டனர். மேலும் ஆயிரக்கணக்கானோர் தடுத்து வைக்கப்பட்டனர். விசேட ஆணைக்குழுவின் முன் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்ற விஜேவீர, ஆட்சி மாறியதும் 1977 நவம்பரில் விடுதலையானார். 1982 ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டு மூன்றாம் இடமும் பெற்றார். 1983 ஜூலைக் கலவரத்தின் பழி அவரது கட்சி மீது சுமத்தப்பட்டு அது தடை செய்யப்பட்டது. தலைமறைவுக்குச் சென்ற கட்சி மீண்டும் ஆயுதம் ஏந்தியது. 1989 நவம்பரில் விஜேவீர கொல்லப்பட்டார்.

அந்தக் கட்சியின் அரசியல் குழுவில் உயிர் தப்பியவர் சோமவன்ச அமரசிங்க ஒருவரே. நாட்டை விட்டுத் தப்பிச் சென்று பிரித்தானியாவில் வாழ்ந்த அவர், 2001 நவம்பரில் நாடு திரும்பினார். கட்சியின் தலைவராக மேடையேறினார். 2004 பொதுத் தேர்தலில் கூட்டணியாகப் போட்டியிட்ட அக்கட்சிக்கு 39 ஆசனங்கள் கிடைத்தன. அன்று விவசாய அமைச்சரான அநுர குமார திசாநாயக்க, 2024 செப்டெம்பரில் நாட்டின் ஜனாதிபதியாகப் பதவியேற்றார்.

இது அந்தக் கட்சியின் பழைய குற்றங்களுக்கு நான் எழுதும் மன்னிப்புக் கடிதமன்று. அக்கட்சியின் துப்பாக்கிக்கு இரையானவர்களின் குடும்பங்களும் இந்த நாட்டில்தான் வாழ்கின்றன. நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றையே. தலைவருக்கு விமான நிலைய வாசல் திறந்தது. அக்கட்சியின் சுவரொட்டியை ஒட்டினான், அல்லது ஒட்டியதாக யாரோ சொன்னார்கள் என்பதற்காகக் கிராமத்துப் பையனுக்குக் கிடைத்ததோ மலையுச்சியில் ஒரு குழி.

தமிழர் தரப்பிலும் இதே கதைதான். 1970களில் ஈரோஸ் இயக்கத்தினர் லெபனானுக்குச் சென்று பாலஸ்தீனப் போராளிகளிடம் ஆயுதப் பயிற்சி பெற்றனர். வெளிநாட்டுத் தீவிரவாத அமைப்பொன்றிடம் இலங்கைப் பிரசைகள் பயிற்சி பெற்ற முதல் நிகழ்வுகளில் அதுவும் ஒன்று என்றால் தவறாகாது. அதே ஈரோஸ் 1989 பெப்ரவரித் தேர்தலில் சுயேச்சையாக நின்று 13 ஆசனங்களை வென்றது. லெபனானில் பயிற்சி பெற்ற டக்ளஸ் தேவானந்தா பிற்காலத்தில் பல அரசாங்கங்களில் அமைச்சராக இருந்தார். விடுதலைப் புலிகளிலிருந்து 2004இல் பிரிந்த கருணா, பொய்ப் பெயரிலான இராஜதந்திரக் கடவுச்சீட்டுடன் பிரித்தானியாவுக்குச் சென்று பிடிபட்டார். அங்கே சிறையிருந்து 2008 ஜூலையில் நாடு கடத்தப்பட்டார். அதே ஆண்டு ஒக்டோபரில் பாராளுமன்ற உறுப்பினரானார், 2009இல் அமைச்சரானார். புலிகளின் சர்வதேச ஆயுதக் கொள்வனவாளராக அறியப்பட்ட கே.பி. 2009 ஓகஸ்டில் மலேசியாவில் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்டார். அவர் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்படவில்லை.

ஆகவே, வெளிநாடு சென்று ஆயுதம் ஏந்தியவரை ஊர் திரும்ப விடலாமா என்ற கேள்வி இலங்கைக்குப் புதிதன்று. இந்நாடு பலமுறை விட்டிருக்கிறது. ஆனால் சட்டப்படி விடவில்லை. ஆட்சியாளரின் தேவைப்படி விட்டது. இதுதான் நோய்.

இந்த நோயின் விலையை 2019 ஏப்ரல் 21இல் நாடு செலுத்தியது. இலங்கையர் ஒருவர் சிரியாவில் கொல்லப்பட்ட செய்தி 2015 ஜூலையில் வெளிவந்தது. 2016 நவம்பரில் அப்போதைய நீதி அமைச்சர் விஜயதாச ராஜபக்ஷ, 32 பேர் ஐ.எஸ். இயக்கத்தில் சேர்ந்துள்ளதாகப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். ஆயினும் எச்சட்டமும் இயற்றப்படவில்லை. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விருந்தகங்களிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பிரித்தானியத் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், சிலர் சென்று திரும்பியதை அரசாங்கம் அறிந்திருந்ததாகவும், வெளிநாட்டு இயக்கமொன்றில் சேர்வது இலங்கைச் சட்டத்தில் குற்றமாக இல்லாமையால் அவர்களைக் கைது செய்ய இயலவில்லை என்றும் கூறினார். வெளிநாட்டுப் பயங்கரவாதக் குழுக்களில் சேரப் பயணிப்பதைக் குற்றமாக்குமாறு ஐ.நா. பாதுகாப்புச் சபை 2014 செப்டெம்பரில் 2178ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் எல்லா நாடுகளையும் கேட்டிருந்தது. நாலரை ஆண்டுகள் நாம் சும்மா இருந்தோம்.

ஆயினும் இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அத்தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் சிரியப் போர்க்களத்திலிருந்து திரும்பியவரல்லர்; காத்தான்குடியைச் சேர்ந்தவர். அவரைப் பற்றி அவர் ஊர் முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியப் புலனாய்வுத் துறை எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை கோப்புகளில் உறங்கியது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தமை இந்த அலட்சியத்துக்காகவே. எல்லையை மூடியிருந்தால் இந்த உயிர்கள் தப்பியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

திரும்பி வருபவர் ஆபத்தற்றவர் என்றும் நான் வாதிட மாட்டேன். தமிழ்நாட்டுக் கடையநல்லூரில் வசித்த சுபஹானி ஹாஜா மொய்தீன் 2015இல் ஈராக் சென்று ஐ.எஸ். இயக்கத்துடன் இணைந்து, அதே ஆண்டில் இந்தியா திரும்பினார். ஓராண்டுக்கும் மேலாக ஊரோடு ஊராக வாழ்ந்தார். 2016 ஒக்டோபரில் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. 2020 செப்டெம்பரில் கொச்சியிலுள்ள சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இந்தியாவுடன் நட்புக்கொண்ட ஆசிய நாடொன்றுக்கு எதிராகப் போர் புரிதல் என்னும் பழைய தண்டனைச் சட்டப் பிரிவே அங்கு கைகொடுத்தது. ஆபத்தானவர் திரும்பினார், நாடு அவரைக் கண்டுபிடித்தது, நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்தது. எம்பிலிப்பிட்டியவில் எடுக்காத வழி இதுதான்.

அதே இந்தியா, கேரளத்திலிருந்து கணவருடன் ஆப்கானிஸ்தான் சென்று விதவைகளான நான்கு பெண்களை அழைத்து வரத் தயங்கியது. காபூல் சிறையில் அவர்களுடன் பச்சிளம் குழந்தைகளும் இருந்தன. அவர்களுள் ஒருவரின் தந்தை உச்ச நீதிமன்றத்தை நாடினார்; 2022 ஜனவரியில் நீதிமன்றம் மத்திய அரசை எட்டு வாரத்தில் முடிவெடுக்கப் பணித்தது. அதற்குள் 2021 ஓகஸ்டில் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றிச் சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தனர். சந்தேக நபரைக் காவலில் கொண்டுவந்து விசாரிக்கும் வாய்ப்பு அத்துடன் கைநழுவியது. மறுத்த நாடு இதனால் பாதுகாப்படைந்ததா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

பிரித்தானியா இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2015 பெப்ரவரியில் 15 வயதில் இலண்டனிலிருந்து சிரியா சென்ற ஷமீமா பேகத்தின் பிரசாவுரிமையை 2019 பெப்ரவரியில் பறித்தது. அவரது பெற்றோர் வங்கதேசத்தவர் என்பதால் அவர் வங்கதேசப் பிரசையாகலாம் என்றது. அவர் எங்கள் பிரசையல்லர் என்றது வங்கதேசம். 2024 பெப்ரவரியில் பிரித்தானிய மேன்முறையீட்டு நீதிமன்றமும் அந்தப் பறிப்பை உறுதி செய்தது.

இதை வாசித்தபோது எனக்கு என் பாட்டனாரின் நினைவு வந்தது. நீ இந்தியன் என்றது இலங்கை; அவர்கள் இலங்கையர் என்றது நேருவின் இந்தியா. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்களை ஒரே எழுத்தில் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக் கையாண்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அந்தக் கணக்கு முடியவில்லை. எங்கள் மக்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஷமீமா செய்தது பெரும் பிழை. இரண்டையும் நான் சமப்படுத்தவில்லை. ஆனால் பறிக்கும் கத்தி ஒன்றுதான். பெற்றோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர் என்பதற்காக ஒருவரின் பிரசாவுரிமை மற்றவருடையதைவிட மெலிந்ததாகிவிடும் என்றால், குடியேறிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தொலைபேசியில் கேட்ட நண்பருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

புனர்வாழ்வு என்ற சொல்லும் நம்மிடையே கறை படிந்தது. 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்கு அருகேயுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் காடையர் கும்பல் புகுந்து 27 தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸார் பார்த்துக்கொண்டிருந்தனர். 2005இல் உயர் நீதிமன்றம் எஞ்சிய குற்றவாளிகளையும் விடுவித்தது. அரசின் காவலில் இருந்தவர்கள் அவர்கள். ஆயினும் அதே நாட்டில், 2009க்குப் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் புலி உறுப்பினர்கள் புனர்வாழ்வு பெற்றுச் சமூகத்துடன் இணைக்கப்பட்டனர். அவர்களுள் 594 பேர் சிறுவர்கள். எங்கள் கேகாலை மாவட்டத்து அம்பேபுஸ்ஸ முகாமில் இருந்த சிறுவர்கள் பின்னர் இரத்மலானை இந்துக் கல்லூரிக்கு மாற்றப்பட்டுப் பாடசாலைக் கல்வியைத் தொடர்ந்தனர். நீதிமன்றக் கண்காணிப்பின்மை, விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்த கண்காணிப்பு என்று இத்திட்டத்தின் குறைகள் பல. என்றாலும் துப்பாக்கி ஏந்திய கையால் மீண்டும் பேனா பிடிக்க முடியும் என்பதற்கு அந்தச் சிறுவர்களே சாட்சி.

2021 மார்ச்சில், நீதிமன்றத் தீர்ப்பின்றியே ஒருவரைத் தீவிர மதக் கருத்துடையவர் என்று கூறி ஈராண்டு வரை புனர்வாழ்வுக்கு அனுப்ப அரசாங்கம் ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஒழுங்குவிதிகளை வாசித்தபோது எனக்கு எம்பிலிப்பிட்டியதான் நினைவுக்கு வந்தது. அன்று பகைவனின் பெயரை முகாமில் சொன்னார்கள்; இனிப் புனர்வாழ்வு அதிகாரியிடம் சொல்வார்கள்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. பிரசை திரும்பட்டும். பிரசாவுரிமை நன்னடத்தைக்குக் கிடைக்கும் பரிசன்று; ஆகவே அதைத் தண்டனையாகப் பறிக்கவும் கூடாது. ஆனால் விமான நிலையத்தில் அவரை வரவேற்பது பொலிஸாக இருக்கட்டும். வெளிநாட்டில் சென்று பயங்கரவாத இயக்கத்தில் சேர்வதைத் தெளிவாகக் குற்றமாக்கும் சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் பகிரங்க நீதிமன்றத்தில் விசாரணை நடக்க வேண்டும். குற்றம் நிரூபணமானால் சிறை. புனர்வாழ்வு வேண்டுமானால் அதையும் நீதிபதியே கட்டளையிட வேண்டும். குழந்தைகளைப் பெற்றோரின் குற்றத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். 2019 மார்ச்சில் பாகூஸ் வீழ்ந்த பின் அல்-ஹோல் முகாமில் 70,000க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர்; அவர்களில் பெரும்பான்மையினர் பெண்களும் பிள்ளைகளும். அந்தப் பிள்ளைகள் எந்த இயக்கத்திலும் சேரவில்லை.

1977இல் விடுதலையானவர்களே பத்தாண்டுகளில் மீண்டும் ஆயுதம் ஏந்தவில்லையா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் இடையில் நடந்ததையும் மறக்கக் கூடாது. தேர்தலில் நின்று மூன்றாம் இடம் பெற்ற கட்சியைச் செய்யாத குற்றத்தின் பேரில் தடை செய்து தலைமறைவுக்கு அனுப்பியதும் அதே அரசாங்கம்தான். கதவைத் திறந்ததால் மட்டும் அந்தத் தீ மூளவில்லை. திறந்த கதவை மீண்டும் அடைத்ததற்கும் அதில் பங்குண்டு.

கட்டுவாப்பிட்டிய தேவாலயத்தில் பிள்ளையை இழந்த தாய்க்கு இந்த வாதங்கள் ஆறுதல் தராது என்பதை அறிவேன். அவருக்கு வேண்டியது உண்மை. யார் அனுப்பினார், யார் அறிந்திருந்தார், யார் தடுக்கவில்லை என்ற உண்மை. அந்த உண்மையைப் பாலைவன முகாமொன்றில் கைவிடப்பட்டவர் சொல்ல மாட்டார். சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர் ஒருவேளை சொல்லக்கூடும்.

சென்ற ஆண்டு இறக்குவானைக்கு ஒரு மரண வீட்டுக்குச் சென்றுவிட்டு, எம்பிலிப்பிட்டிய வழியாகப் பேருந்தில் திரும்பினேன். பேருந்து நிலையத்தில் வெள்ளைச் சீருடையுடன் உயர்தர வகுப்பு மாணவர்கள் சத்தமிட்டுக் கொண்டிருந்தனர். 1989இல் இதே வயதில் இருந்தவர்கள் உயிரோடிருந்தால் இன்று என் வயதை ஒட்டியிருப்பார்கள். சிலருக்குப் பேரப்பிள்ளைகளும் இருந்திருக்கும். அவர்கள் எந்த வெளிநாட்டுக்கும் போகவில்லை. வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர, அவர்களின் பெற்றோர் இந்த அரசிடம் வேறெதையும் கேட்கவில்லை.